முரசின் முகத்தில் ஒரு பெயர்

பங்கின் இளையோர் பாடகர் குழு டிரம்ஸ் செட் ஒன்று வாங்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குப் பேரவையில் எழும் முதல் வினா விலையைப் பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் எழுவது, "என்ன கம்பெனி?" என்னும் வினாவே. உடனே இளைஞர்கள் லுட்விக், கிரெட்ச், யமஹா, பேர்ல், டாமா, சோனோர் என்று மன்றாட்டுமாலை போல ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆர்மோனியத்தின் கட்டைகளையும் ஆர்கனின் குழல்களையும் ஓரளவு அறிந்த மூத்த குருக்களுக்கு இப்பெயர்கள் எவையும் எதையும் உணர்த்துவதில்லை. முரசின் முகத்தில் எழுதப்பட்ட அந்தப் பெயர் யாருடையது? அது எங்கிருந்து வந்தது? அதை நம்பிப் பங்கின் பணத்தைக் கொடுக்கலாமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டால், ஓர் இசைக்கடைக்குள் நுழைந்தவர் உலக வரலாற்றின் பல வாசல்கள் வழியே வெளியேறுவார்.

டிரம்ஸ் செட் என்பது உண்மையில் ஒரு கருவியன்று. பல நாட்டுக் கருவிகளின் கூட்டு. நடுவில் மிதியால் முழங்கும் பெரிய முரசும், அதனோடு இணைந்த உலோகத் தட்டுகளும் துருக்கியப் படையணிகளின் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தவை. இரு குச்சிகளால் அடிக்கப்படும் ஸ்நேர் ஐரோப்பியக் காலாட்படையின் முரசு. பக்கத்தில் நிற்கும் டாம்-டாம்கள் தொடக்கத்தில் அமெரிக்காவில் குடியேறிய சீனர்களிடமிருந்து பெறப்பட்டவை; அவற்றின் தோலில் வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. இவை அனைத்தையும் ஒருவரே அமர்ந்து வாசிக்கும் தாளமோ, அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நினைவிலிருந்து பிறந்தது. இத்தனை பேர் சேர்ந்து உருவாக்கிய ஒன்றன் முகப்பில் ஒரேயொரு குடும்பத்தின் பெயர் நிற்பது வியப்புக்குரியதே.

பெயர்களில் மிகப் பழமையானது முரசில் இல்லை. அதன் மேலே தொங்கும் தட்டில் இருக்கிறது. சில்ஜியான் என்னும் அப்பெயரைக் கூர்ந்து நோக்கினால் அதற்குள் இரு மொழிகள் இருப்பது தெரியும். 'சில்' என்பது துருக்கியில் தாளத் தட்டு. 'ஜி' என்பது அதைச் செய்பவர். 'யான்' என்பதோ 'இன்னாரின் மகன்' எனப் பொருள்படும் அர்மேனிய விகுதி. அக்குடும்பம் காத்துவரும் வரலாற்றின்படி, 1618-ஆம் ஆண்டில் கான்ஸ்தாந்திநோப்பிள் நகரில் அவெதிஸ் என்னும் அர்மேனியக் கிறிஸ்தவர் இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் இரசவாத முயற்சியில் ஈடுபட்டிருந்தார். பொன் கிடைக்கவில்லை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு கலவை கிடைத்தது. அதை அடித்துத் தகடாக்கியபோது அது உடையாமல் நெடுநேரம் ஒலித்தது. சுல்தானின் அரண்மனை அவருக்கு அந்தத் தொழிற்பெயரை வழங்கியது. 1623-இல் அவர் தமக்கெனப் பட்டறை அமைக்க இசைவு பெற்றார். 'அவெதிஸ்' என்னும் அர்மேனியச் சொல்லின் பொருள் 'நற்செய்தி' என்பதை நம் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவர் செய்த தட்டுகளை முழக்கியவர்கள் சுல்தானின் யெனிசேரிப் படையினர். பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பிடுங்கப்பட்டு, மதம் மாற்றப்பட்டு வளர்க்கப்பட்ட சிறுவர்களால் உருவான படை அது. எதிரிகளின் நெஞ்சைக் கலங்கச் செய்வதற்கென்றே அவர்களுடைய வாத்தியக் குழு முன்னே சென்றது. கிறிஸ்தவர் ஒருவர் வார்த்த தட்டை, கிறிஸ்தவத் தாய்மாரின் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் கிறிஸ்தவ நாடுகளுக்கு எதிராக முழக்கிய காட்சியை வரலாறு ஓசையின்றிக் கடந்துவிட்டது. வியன்னாவை அச்சுறுத்திய அதே ஓசை ஒரு நூற்றாண்டுக்குப் பின் வியன்னாவின் இசையரங்குகளுக்கு விருந்தாயிற்று. மோட்சார்ட் 1782-இல் அரங்கேற்றிய இசை நாடகத்திலும், ஹைடன் 1794-இல் அரங்கேற்றிய நூறாவது சிம்பொனியிலும், பெத்தோவன் 1824-இல் அரங்கேற்றிய ஒன்பதாவது சிம்பொனியிலும் பெரிய முரசும் தாளத் தட்டும் இடம்பெற்றன.

அவெதிஸின் கலவை ஏறத்தாழ எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் கொண்டது என்பது இன்று யாவரும் அறிந்ததே. இத்தகைய கலவை எளிதில் நொறுங்கும். அதை நொறுங்காமல் தகடாக்கும் முறைதான் இரகசியம். தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே அது சென்றது. அமெரிக்காவில் குடியேறி மிட்டாய் தயாரிக்கும் தொழில் நடத்திவந்த மூன்றாம் அவெதிஸ் என்பவருக்கு, தாய்நாட்டில் பட்டறையை நடத்திய சிற்றப்பா ஆராம் 1927-இல் கடிதம் எழுதினார்: குடும்பத் தொழிலை ஏற்கும் முறை இனி உன்னுடையது. 1929-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உலை மூட்டப்பட்டது. அர்மேனியர்களுக்கு 1915-இல் நேர்ந்த கொடுமையை அறிந்தவர்கள், இந்தத் தொழில் இடம்பெயர்ந்ததை வெறும் வணிக ஏற்பாடாக மட்டும் எண்ணமாட்டார்கள்.

பெயர் ஒரு குடும்பத்தின் செல்வம். குடும்பங்களுக்குள் பூசல் வருவதும் இயல்பே. மூன்றாம் அவெதிஸ் 1979-இல் மறைந்தபின் அவருடைய மைந்தர் இருவரும் பிரிந்தனர். இளையவர் இராபர்ட் 1981-இல் கனடாவில் தனிப் பட்டறை தொடங்கினார். ஆனால் குடும்பப் பெயரைத் தாம் வார்க்கும் தட்டில் பொறிக்கும் உரிமை அவருக்கு இல்லாமற்போயிற்று. எனவே சாலி, பில், ஆண்டி என்னும் தம் மூன்று பிள்ளைகளின் பெயர்களிலிருந்து முதலெழுத்துக்களை எடுத்துச் 'சேபியன்' என்று பெயர் சூட்டினார். கடையில் அருகருகே தொங்கும் சில்ஜியான் தட்டும் சேபியன் தட்டும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்பதை விற்பவரே பலவேளைகளில் அறிந்திருப்பதில்லை. 1999-இல் சில்ஜியான் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை முதன்முறையாக ஒரு பெண், கிரெய்கி சில்ஜியான், ஏற்றார். மூத்த மகனுக்கே என்றிருந்த மரபு அத்துடன் முடிந்தது.

இனி முரசுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசொலியே அவர்களைத் திரட்டியது என்று கண்ட ஆட்சியாளர்கள் 1740-இல் இயற்றிய சட்டத்தில் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தனர். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் ஆண்ட லூசியானாவிலோ 1724-இல் பிறப்பிக்கப்பட்ட 'கறுப்புச் சட்டம்' அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை வேலை வாங்கக்கூடாது என்றும் விதித்தது. இதைக் கொண்டு நாம் பெருமை பாராட்டுவதற்கு ஒன்றுமில்லை. மனிதரை விற்பதையும் வாங்குவதையும் சட்டமாக்கிய ஏடுதான் அதுவும். ஆனால் அந்த ஞாயிறு ஓய்வு எதிர்பாராத பயனொன்றைத் தந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிறு பிற்பகல்களில் அடிமைகள் கூடி முரசு கொட்டி ஆடினர். அந்நகரம் அமெரிக்கக் கொடியின்கீழ் வந்தபின் 1817-இல் நகராட்சி அக்கூட்டங்களை அந்த ஓரிடத்துக்குள் அடக்கியது, முழுவதும் ஒழித்துவிடவில்லை. பிற இடங்களில் அடங்கிப்போன தாளம் அங்கே உயிரோடிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் படைக்குழுக்களின் வாத்தியங்கள் மலிந்தபோது, அந்தத் தாளம் அந்தக் கருவிகளில் ஏறியமர்ந்தது.

வாத்தியக் குழு தெருவில் நடந்து செல்லும்போது பெரிய முரசுக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், தட்டுக்கு ஒருவர் தேவை. நடன அரங்கிலும் நாடகக் கொட்டகையிலும் இடமும் இல்லை, மூவருக்குக் கூலியும் இல்லை. ஒருவரே மூன்றையும் வாசிக்கக் காலுக்கு வேலை தந்தாக வேண்டும். மிதிகள் பலவிதமாக முன்பே செய்யப்பட்டிருந்தன, எல்லாம் மெதுவானவை. சிகாகோவில் முரசு வாசித்துப் பிழைத்துவந்த வில்லியம் லுட்விக், விரைவுத் தாளத்துக்கு ஈடுகொடுக்கும் மிதியொன்றை முதலில் மரத்தில் செய்து பார்த்தார். எந்திர வேலை அறிந்த மைத்துனரின் துணையோடு அதை உலோகத்தில் உருவாக்கினார். அவர் 1879-இல் ஜெர்மனியில் பிறந்து, எட்டு வயதளவில் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தவர். 1909-இல் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து 'லுட்விக் அண்ட் லுட்விக்' நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகில் எந்த டிரம்ஸ் செட்டின் மிதியை மிதித்தாலும் அந்த மர மாதிரியின் வழித்தோன்றலையே மிதிக்கிறோம்.

இதே காலத்தில் திருச்சபை முரசைப் பற்றி என்ன கூறிற்று? 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் திருவழிபாட்டு இசை குறித்து ஒரு மடல் வெளியிட்டார். அதில் பியானோவும், முரசு, தாளத் தட்டு, மணிகள் போன்ற ஆரவாரக் கருவிகளும் ஆலயத்தில் தடைசெய்யப்பட்டன. இதைப் படித்து இக்காலத்தவர் சிலர் புன்னகை செய்வர். ஆனால் திருத்தந்தை கண்டது வேறொரு நிலைமை. அக்கால இத்தாலியக் கோவில்களில் நாடக மேடையின் பாணி அப்படியே பலிபீடத்தருகே ஏறியிருந்தது. பாடகர் தம் குரலைக் காட்டும்வரை குருவும் மக்களும் காத்திருக்க வேண்டியிருந்தது. திருத்தந்தை எதிர்த்தது நாடகத்தை. தண்டிக்கப்பட்டது முரசு என்பதே என் கருத்து. ஏனெனில் திருப்பாடல்களின் நூல் தன் இறுதிப் பாடலில் முரசையும் இருவகைத் தாளங்களையும் ஆண்டவரின் புகழ்ச்சிக்கு அழைக்கிறது. குறிப்பேட்டு நூலில் பாடகர் தலைவரான ஆசாபின் கையிலிருப்பது தாளத் தட்டுதான். மறுபுறம், அன்பில்லாதவரின் பேச்சுக்குத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு உவமை காட்டுவதும் அதே தட்டைத்தான். விவிலியம் முரசைப் புனிதமாக்கவும் இல்லை, தீட்டாக்கவும் இல்லை.

நம் நாட்டில் அந்த விதி வேறொரு வடிவம் கொண்டது. கோவிலுக்குள் ஆர்மோனியம், கோவிலுக்கு வெளியே தேர்ப்பவனியில் தவிலும் நாகசுரமும் பேண்டு வாத்தியமும். வாசற்படியே எல்லைக்கோடு. வெளியே கொட்டியவர்கள் பலவிடங்களில் எச்சாதியினர், உள்ளே பாடியவர்கள் எச்சாதியினர் என்று கேட்டால், அந்தக் கோட்டை வரைந்தது திருத்தந்தையின் மடல் மட்டுமன்று என்பது புலப்படும். இதற்குப் பின்னர் வருவேன்.

லுட்விக் சகோதரர்களின் வளம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1918-இன் கொள்ளைநோய்க் காய்ச்சலில் தம்பி தியோபால்டு மாண்டார். மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் அமர்ந்து வாசித்த ஆயிரக்கணக்கான முரசுக் கலைஞர்களே அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். 1927-இல் படம் பேசத் தொடங்கியது, கலைஞர்கள் வேலையிழந்தனர். 1929-இல் லுட்விக் தம் நிறுவனத்தைக் கான் என்னும் பெரிய இசைக்கருவி நிறுவனத்துக்கு விற்றார். சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்றிவிட்டு வெளியேறி 1937-இல் சிகாகோவில் புதிய பட்டறை தொடங்கியபோது, தம் பெயரைத் தாமே பயன்படுத்த முடியாத நிலை. பெயர் விற்கப்பட்ட பொருள்களுள் ஒன்றாகிவிட்டது! தம் முதலெழுத்துக்களை மட்டும் கொண்டு 'டபிள்யூ.எஃப்.எல்.' என்று முரசுகளில் எழுதினார். அவ்வாண்டுகளில் கடைக்குச் சென்று 'லுட்விக்' என்று கேட்டு வாங்கியவர் லுட்விக் செய்யாத முரசைப் பெற்றார். லுட்விக் செய்த முரசு வேறு பெயரில் பக்கத்தில் நின்றது. 1955-இல்தான் அவர் குடும்பம் பெயரை விலை கொடுத்து மீட்டது. கம்பெனி பெயரை மட்டுமே நம்புவோர்க்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஜெர்மனியின் சோனோர் கதையும் இத்தகையதே. வைசன்ஃபெல்ஸ் நகரில் 1875-இல் யோகான்னஸ் லிங்க் தொடங்கிய அத்தொழிலகம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் படையின் ஆளுகைப் பகுதிக்குள் சிக்கியது. மகன் ஓட்டோ லிங்க் குடும்பத்தோடு மேற்கே தப்பி வெஸ்ட்பாலியாவில் அவுவே என்னும் சிற்றூரில் மீண்டும் தொடங்கினார். கட்டடமும் எந்திரங்களும் கிழக்கிலேயே நின்று 'டிரோவா' என்னும் பெயரில் முரசு செய்தன. பெயர் மட்டும் அகதியாக மேற்கே சென்றது. எது உண்மையான சோனோர்? நெடுங்காலம் பழகிய கைகள் எங்கே இருந்தனவோ அதுவா, பெயர் எங்கே சென்றதோ அதுவா? எளிதில் விடை கூற முடியாது.

1963-ஆம் ஆண்டுக்கு வருகிறோம். இலண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்பவரின் இசைக்கடைக்குள் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் நுழைந்தார். அங்கே கிடந்த ஒரு நிறமாதிரித் துண்டு, சிப்பி போல் மின்னும் கருமை, அவர் கண்ணைப் பறித்தது. அந்த நிறம்தான் வேண்டும் என்றார். அது லுட்விக்கின் நிறம் என்பதால் லுட்விக் வாங்கினார் என்று கடைக்காரர் பின்னாளில் கூறியிருக்கிறார். நம் இளைஞர்கள் பெரிதும் மதிக்கும் தேர்வு, ஒலியைக் கேட்டு அன்று, நிறத்தைக் கண்டு செய்யப்பட்டது!

அதே ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன் 120-ஆம் எண் குழல் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பை நிலைநிறுத்திவிட்டு, பிற கருவிகளையும் அந்தந்த நாட்டு அதிகாரிகளின் இசைவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அவை திருப்பணிக்கு ஏற்றவையாகவும், ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தவையாகவும், மக்களின் பக்தியை வளர்ப்பவையாகவும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு முந்திய எண், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய இசை மரபை மதிக்கும்படி வேண்டியது. இக்கொள்கைத் திரட்டு நடைமுறைக்கு வந்த நாள் 1964 பிப்ரவரி 16, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னர், பிப்ரவரி 9 ஞாயிறு இரவு, ஏறத்தாழ ஏழு கோடியே முப்பது இலட்சம் அமெரிக்கர் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் குழுவைக் கண்டனர். முரசின் முகத்தில் 'லுட்விக்' என்னும் எழுத்துக்களையும் கண்டனர். சிகாகோ தொழிலகம் இரவும் பகலும் இயங்க வேண்டியதாயிற்று. இரு ஞாயிறுகளும் ஒன்றையொன்று அறியவில்லை. ஆனால் அவை இரண்டும் சேர்ந்தே பத்து, பதினைந்து ஆண்டுகளில் கித்தாரையும் டிரம்ஸையும் நம் ஆலயங்களின் படிக்கட்டுவரை கொண்டுவந்து நிறுத்தின.

சங்கத்துக்கு முன்பே ஒரு வழி திறந்திருந்தது என்பதையும் கூற வேண்டும். 1958-இல் பெல்ஜியக் காங்கோவின் கமினா நகரில், பிரான்சிஸ்கன் துறவி குய்டோ ஹாசன் வழிநடத்திய பாடகர் குழு இலத்தீன் திருப்பலியை ஆப்பிரிக்க முரசுகளோடு பாடியது. 'மிஸ்ஸா லூபா' என்னும் அவ்விசையின் ஒலித்தட்டைக் கேட்டவர்கள், முரசு ஆரவாரத்துக்கு மட்டுமே உரியதன்று என்று உணர்ந்தனர். 1967 மார்ச் 5-இல் உரோமை வெளியிட்ட திருஇசை பற்றிய அறிவுரை ஏடு மேலும் ஒரு தெளிவு தந்தது: மக்களின் பொதுக் கருத்தின்படியும் வழக்கின்படியும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியவை எனக் கருதப்படும் கருவிகள் வழிபாட்டில் வேண்டா. இங்கே அளவுகோல் கருவியின் மரத்திலோ தோலிலோ இல்லை. மக்களின் கருத்தில் இருக்கிறது. கருத்து மாறக்கூடியது, நல்லவிதமாகவும் மாறலாம், தீயவிதமாகவும் மாறலாம்.

ஜப்பானியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நம் கடைகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் பெயர்கள் அவர்களுடையவை. பேர்ல் நிறுவனத்தைக் கட்சுமி யானகிசாவா 1946-இல் தோக்கியோவில் இசை ஏடு தாங்கிகள் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளில் முரசுக்கு மாறினார். ஹோஷினோ குடும்பத்தின் தொழில் 1908-இல் நகோயாவில் ஒரு புத்தகக் கடையின் இசைப்பிரிவாகத் தொடங்கியது. 1974-இல் அவர்கள் தம் முரசுகளுக்குச் சூட்டிய 'டாமா' என்பது குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் பெயர். மணி அல்லது இரத்தினம் என்பது அதன் பொருள். முத்தும் மணியும் விற்பனைக்கு நிற்க, விலையுயர்ந்த முத்தைத் தேடிய வணிகரைப் போல நம் இளைஞர் எல்லாவற்றையும் விற்று வாங்கத் துடிப்பதில் வியப்பில்லை! யமஹாவின் கதை மட்டும் நம் மனத்துக்கு நெருக்கமானது. தொரகுசு யமஹா 1887-இல் ஹமமட்சுப் பள்ளியொன்றில் பழுதுற்ற அமெரிக்க ரீட் ஆர்கனைச் செப்பனிட்டார். தாமே ஒன்றைச் செய்து, நண்பர் ஒருவருடன் காவடி போலத் தோளில் சுமந்து, ஹக்கோனே மலையைக் கடந்து தோக்கியோவுக்கு நடந்தார். சுருதி சரியில்லை என்றனர் அங்கிருந்த இசை ஆசிரியர்கள். அவர் அங்கேயே தங்கிச் சுருதியைக் கற்றுத் திரும்பினார். அந்நிறுவனம் முரசு செய்யத் தொடங்கியது 1967-இல்தான்.

இத்தனை பெயர்களையும் நோக்கியபின் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துகிறது. மேனாட்டு முரசுகளுக்கு 1950-கள்வரை கன்றுத்தோலே போர்த்தப்பட்டது. மழைக்காலத்தில் அது தொய்ந்து போகும். வெயிலில் இறுகி வெடிக்கும். 1956-இலும் 1957-இலும் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி என்னும் இருவர் மைலார் என்னும் பிளாஸ்டிக் படலத்தைத் தோலுக்கு மாற்றாக்கினர். இன்று முரசின் தட்டும் பரப்பில் எவன்ஸ், ரெமோ என்று அவர்கள் பெயரே அச்சிடப்பட்டிருக்கிறது. குச்சி படும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரின்மேல் படுகிறது. தோலுக்குப் பெயர் உண்டு. தோலைச் செய்தவர்க்கு மதிப்பும் உண்டு.

நம் நாட்டின் மிருதங்கத்தில் யாருடைய பெயர் எழுதப்பட்டது? பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வாரிழுத்துக் கட்டி, நடுவில் கரணை இட்டு நாதத்தை உண்டாக்கியவர்கள் தோலைத் தொட்டதற்காகவே தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களுள் பலர் நம்மவர்; தஞ்சைப் பகுதியின் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பர்லாந்து என்னும் கைவினைஞர் இருந்தார். அவர் செபஸ்தியான் என்பவரின் மகன். பர்லாந்து என்பது பெர்னாண்டஸ் என்னும் பெயர் நம் ஊர் நாவில் மருவிய வடிவம். வித்துவான் விரும்பிய நாதத்தை அவர் கை தேடிக் கண்டடைந்தது. அக்குடும்பத்தின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக வெளியிட்டபோதுதான் நம்மில் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டோம். சிகாகோவில் 1909-இல் தெருமுகப்பில் தொங்கிய பெயர்ப்பலகையைப் போன்ற ஒன்று, ஒரு நூலின் அட்டையில், இத்தனை காலந்தாழ்ந்து! நம் திருமுழுக்குப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்த பெயர்கள் அவர்கள் செய்த கருவிகளில் எழுதப்படவில்லை.

பறையின் நிலை இதனினும் கடினமானது. சாவு வீட்டில் மட்டும் அழைக்கப்பட்டுக் கோவில் வாசலில் நிறுத்தப்பட்ட அக்கருவி, கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் பல மறைமாவட்டங்களில் கலைக்குழுக்கள் வழியாக நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. ஆயினும் ஒரு பங்கில் டிரம்ஸ் செட்டுக்கு எளிதில் கிடைக்கும் ஒப்புதல் பறைக்குக் கிடைப்பதில்லை. 1967-இன் ஏடு கூறும் 'பொதுக் கருத்து' இங்கே யாருடைய கருத்து என்று கேட்க வேண்டியிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் அடிமைகளின் தாளம் அயல்நாட்டுப் பெயர்ப்பலகையோடு வந்தால் பலிபீடத்தருகே இடம்பெறுகிறது. அண்டைத் தெருவின் தாளம் வாசலில் நிற்கிறது. டிரம்ஸ் வாங்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. வாங்கும் கூட்டத்திலேயே இந்த வினாவையும் பேரவையில் வைத்துவிடுவது நல்லது என்கிறேன்.

வாங்குவதென்று முடிவானபின் என்ன பார்ப்பது? இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை, புகழ்பெற்ற பெயர்கள் எல்லாம் இன்று பலவகை விலைகளில் நிற்கின்றன என்பது. 1982-இல் பேர்ல் வெளியிட்ட 'எக்ஸ்போர்ட்' வரிசை எளியவர்க்கும் நல்ல முரசு கிடைக்கும் என்று காட்டியது. அதன்பின் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் தைவானிலும் சீனாவிலும் மலிவு வரிசைகளைச் செய்யத் தொடங்கின. பெயர் ஒன்று, பட்டறை வேறு. ஆகவே பெயரைக் கேட்பதோடு நில்லாமல், எந்த வரிசை, என்ன மரம் என்றும் கேட்க வேண்டும். மேப்பிளும் பிர்ச்சும் உறுதியானவை; பாப்ளர் மலிவானது, தொடக்கத்துக்குப் போதுமானது. தோலை அகற்றச் சொல்லி, அது அமரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சமதளக் கண்ணாடிமேல் கவிழ்த்து உள்ளே விளக்கு வைத்தால், விளிம்பு கோணலாயிருப்பின் ஒளி கசியும். விளிம்பு கோணலான முரசை எந்தப் புகழ்பெற்ற பெயராலும் சுருதி சேர்க்க இயலாது. மிதியும் தாங்கிகளும் ஆடாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். பங்குகளில் முதலில் உடைவது அவையே.

தாளத் தட்டுகளில் சிக்கனம் காட்ட வேண்டாம். மலிவுத் தட்டுகள் பித்தளை. அவை தகரம் போல் ஒலிக்கும். எட்டு விழுக்காடு வெள்ளீயம் கொண்டவை நடுத்தரம். இருபது விழுக்காடு கொண்டவை அவெதிஸின் பழைய கலவைக்கு நிகரானவை. ஓரளவு மலிவான முரசுக்குப் புதிய பிளாஸ்டிக் தோல் போட்டால் நன்கு ஒலிக்கும். மலிவான தட்டுக்கு மாற்றுவழி எதுவும் இல்லை. நம் கோவில்களின் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவர்களும் ஒலியைப் பெருக்குவதால், 22 அங்குலப் பெரிய முரசைவிட 18 அல்லது 20 அங்குலமே போதும். ரோலண்ட் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மின்னணு முரசுகளைச் சிலர் பரிந்துரைப்பர். ஒலியைக் குறைக்கும் குமிழ் இருப்பதால் முதியோர் மகிழ்வர் என்பது உண்மைதான். அந்நிறுவனமே 2022-இல், மரமுரசுக்குப் பெயர்பெற்ற டிரம் ஒர்க்ஷாப் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது என்பதும் எண்ணத்தக்கது.

கடைசியாக ஒன்று. கடைகளில் எழுதிவைக்கும் விலை பலவேளைகளில் முரசுகளுக்கு மட்டுமே உரியது. தட்டுகளும் அமரும் முக்காலியும் அதில் அடங்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.